கைக்கணினிகளின் பெயரும் தலைமுறையும்: ஒரு திறனாய்வு

கைக்கணினி என்பது தொடுதிரையால் இயங்கும், விசைப்பலகை இல்லாத கையடக்கக் கணினி ஆகும். தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் இது கைக்கணினி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் டேப்லெட் என்றும், அதைவிடப் பரவலாக டேப் என்றும் வழங்குகிறது. ‘டேப்’ என்பது சாம்சங் நிறுவனம் 2010இல் வெளியிட்ட கேலக்சி டேப் வரிசையின் வணிகப் பெயரும் ஆகும். ஒரு நிறுவனத்தின் பொருட்பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டதால், ‘டேப் வேண்டும்’ என்று கேட்பவர் ஒரு நிறுவனத்தின் கருவியைக் கேட்கிறாரா, எந்தக் கருவியாயினும் போதுமா என்பது கடைக்காரருக்கே விளங்குவதில்லை. பெயர்க் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இக்கட்டுரை, கைக்கணினிகளுக்குத் தலைமுறைதோறும் இடப்படும் பெயர்களின் முறையை ஆராய்கிறது. பெயரைப் பார்த்து வாங்குபவருக்கு அப்பெயர் எதைத் தெரிவிக்கிறது, எதை மறைக்கிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

தருமபுரியில் இதன் முக்கியத்துவம்

தருமபுரி மாவட்டம் சேலத்தையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. வேளாண்மையே இங்கு முதன்மைத் தொழில். கைக்கணினி இம்மாவட்டக் குடும்பம் ஒன்றில் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புக்காகவே வாங்கப்படுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், இணையவழி வகுப்பில் சேர்ந்தவர்கள் ஆகியோரே முதன்மைப் பயனர்கள். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின், பள்ளி வகுப்பறையிலும் இக்கருவி இடம்பெற்றது.

ஒருமுறை வாங்கினால் நான்கைந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பதே இத்தகைய குடும்பத்தின் எதிர்பார்ப்பு. கைக்கணினி பழுதாவதற்கு முன்பே பழையதாகிவிடக்கூடிய பொருள். இயங்குதளப் புதுப்பிப்பு நின்றுபோனால் வங்கிச் செயலியும் வகுப்புச் செயலியும் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். எனவே கருவி எந்த ஆண்டில் வெளிவந்தது என்பது விலைக்கு அடுத்தபடியாக வாங்குபவர் அறிய வேண்டிய செய்தி. பயன்படுத்திய கருவியை வாங்குவோருக்கு விலையைவிடவும் முந்திய செய்தி அதுவே. இன்றைய பெயர்கள் பெரும்பாலும் தெரிவிக்கத் தவறுவதும் இதனையே.

எண்ணின் மூன்று வேலைகள்

பெயரில் வரும் எண் மூன்று வகையான பொருளைத் தரக்கூடும். ஒன்று வரிசை: எத்தனையாவதாக வெளிவந்தது என்பது. இரண்டாவது அளவு: திரை எத்தனை அங்குலம் என்பது. மூன்றாவது தரம்: எது உயர்ந்தது, எது எளியது என்பது. ஓர் எண் ஒரு வேலையை மட்டும் செய்தால் குழப்பமில்லை. ஒரே எண் இரண்டு வேலைகளைச் செய்யும்போதும், ஆண்டுக்கு ஆண்டு வேலை மாறும்போதும் பெயர் தன் பயனை இழக்கிறது.

சாம்சங் டேப் ஏ வரிசை இதற்குத் தெளிவான சான்று. 2015 தொடங்கி ‘டேப் ஏ 8.0’ என்னும் பெயரில் பல கருவிகள் வெளிவந்தன. 2015, 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் கருவிகள் அனைத்தும் அப்பெயரையே கொண்டிருந்தன. இங்கு 8.0 என்பது திரையின் அங்குல அளவு. 2021 இறுதியில் ‘டேப் ஏ8’ அறிவிக்கப்பட்டது. இதன் திரை 10.5 அங்குலம். இங்கு 8 என்பது வரிசை எண். எழுத்தில் ஒரு புள்ளியும் ஒரு சுழியமும் வேறுபாட்டைக் காட்டுகின்றன. வாயால் சொல்லும்போது இரண்டும் ‘ஏ எட்டு’ என்றே ஒலிக்கின்றன. உறை வாங்கச் சென்றவர் பொருந்தாத உறையுடன் திரும்புவதற்கும், பழைய கருவியைப் புதியது என நம்பி வாங்குவதற்கும் இந்த ஓர் ஒலி ஒற்றுமையே போதும்.

அடுத்து வந்த ‘ஏ9’ (2023) நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. அதன் திரை 8.7 அங்குலம். எண் கூடியது, திரை குறைந்தது. ஏ8இன் இடத்தை அளவில் நிரப்பியது 11 அங்குலத் திரை கொண்ட ‘ஏ9+’ ஆகும். அதன்பின் ஏ10 வரவில்லை. 2025இல் ‘ஏ11’ வந்தது.

ஒரே பெயரில் கருவியை மாற்றும் வழக்கமும் உண்டு. ‘டேப் எஸ்6 லைட்’ 2020இல் வெளிவந்து, 2022இலும் 2024இலும் வேறு செயலியுடன் மீண்டும் விற்பனைக்கு வந்தது. முதலாவது ஆண்ட்ராய்டு 10 உடனும், மூன்றாவது ஆண்ட்ராய்டு 14 உடனும் வந்தவை. புதுப்பிப்பு பெறும் காலத்தில் இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி உண்டு. தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

கூகுள் பெயரில் வெளிவந்த ‘நெக்சஸ் 7’ கருவியும் இத்தகையதே. 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் திரையும் செயலியும் மாறியபின்னரும் பெயர் மாறவில்லை. பயனர்களே ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதிப் பிரித்தறிந்தனர்.

ஆப்பிள்: எண்ணை விட்டதும் மீண்டும் எடுத்ததும்

ஆப்பிள் நிறுவனம் 2010இல் ஐபேடையும், 2011இல் ஐபேட் 2ஐயும் வெளியிட்டது. மூன்றாவது கருவி 2012 மார்ச்சில் ‘புதிய ஐபேட்’ என்னும் பெயரில் வந்தது. ஏழு மாதங்களில் நான்காவது கருவி வந்ததும் ‘புதிய’ என்னும் சொல் பொருளற்றதாயிற்று. இவ்விரு கருவிகளின் மின்னேற்ற இணைப்பு வெவ்வேறானது. ஆகவே பெயர்க் குழப்பம் மின்னேற்றி வாங்குவதுவரை நீண்டது.

2013இல் ‘ஐபேட் ஏர்’ நான்காவது கருவிக்கு அடுத்ததாக வந்தது; 2014இல் ‘ஏர் 2’ வந்தது. 2017இல் மீண்டும் வெறும் ‘ஐபேட்’ வெளியிடப்பட்டு அது ஐந்தாம் தலைமுறை எனக் கணக்கிடப்பட்டது. இடையில் வந்த இரு கருவிகளும் அந்தக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. ‘ஏர்’ 2019இல் மூன்றாம் தலைமுறையாகத் திரும்பி வந்தது. அதற்கும் ஏர் 2க்கும் இடையே ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள்.

தலைமுறை எண் ஆண்டைக் காட்டாது என்பதற்கு 2021ஆம் ஆண்டின் ஐபேட் புரோ சான்றாகும். அவ்வாண்டு ஒரே நாளில், ஒரே எம்1 செயலியுடன் அறிவிக்கப்பட்ட இரு கருவிகளில் 11 அங்குலக் கருவி மூன்றாம் தலைமுறை, 12.9 அங்குலக் கருவி ஐந்தாம் தலைமுறை. உடன்பிறந்த இரட்டையருக்கு இரண்டு தலைமுறை இடைவெளி சொல்வது போன்ற கணக்கு இது.

2024 முதல் செயலியின் பெயரை அடைப்புக்குறிக்குள் இடும் முறை வந்துள்ளது: ஐபேட் ஏர் (எம்2), ஐபேட் மினி (ஏ17 புரோ), ஐபேட் (ஏ16). ஒரே வரிசைக்குள் எம்2ஐவிட எம்3 புதியது என அறிய முடிவதால் இது முன்னைய முறையைவிட நன்று. ஆயினும் ஏ17 பெரிதா, எம்2 பெரிதா என்பது எண்ணைக் கொண்டு விளங்காது. ‘ஏ17 புரோ’ கொண்ட மினி, புரோ வரிசையைச் சேர்ந்ததும் அன்று.

அடைமொழிகளும் பொருள் இழந்துவிட்டன. காற்றைக் குறிக்கும் ‘ஏர்’ என்னும் பெயர் எடைக்குறைவைச் சுட்டுவதற்காகவே வந்தது. 2024ஆம் ஆண்டின் 13 அங்குல ஏர் 617 கிராம். அதே அளவுள்ள புரோ 579 கிராம். பெயரில் காற்றைக் கொண்ட கருவியே இப்போது கனமானது.

துணைக்கருவி வாங்குபவருக்கு இதன் இழப்பு நேரடியானது. ஐந்தாம் தலைமுறை ஏர் கருவியில் இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் இயங்கும். அடுத்து வந்த எம்2 ஏர் கருவியில் அது இயங்காது. அதற்குப் பென்சில் புரோ அல்லது யூஎஸ்பி-சி வகைப் பென்சில் வேண்டும். கருவியின் தலைமுறை எண்ணுக்கும் பென்சிலின் தலைமுறை எண்ணுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

ஆகாஷ்: ஒரு பெயரின் சுமை

இந்தியாவின் சொந்தச் சான்று ஆகாஷ் கைக்கணினி ஆகும். மாணவர்களுக்கு மலிவு விலைக் கணினி என்னும் நோக்கில் நடுவண் அரசு 2011 அக்டோபர் 5 அன்று இதனை வெளியிட்டது. அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் இதனை அறிமுகப்படுத்தினார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த முதல் ஆகாஷ், 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்டது. விரலால் அழுத்தினால்தான் உணரும் திரை அதற்கு. வேகக்குறைவும் திரையும் விரைவிலேயே கண்டனத்துக்கு உள்ளாயின.

2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2ஐ வெளியிட்டார். இதில் 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும், 512 மெகாபைட் நினைவகமும், தொட்டாலே உணரும் திரையும், ஆண்ட்ராய்டு 4.0உம் இருந்தன. ஏறத்தாழ எல்லா வகையிலும் வேறொரு கருவி. பெயரோ அதுவே. முதற்கருவி ஈட்டிய கெட்ட பெயரை இரண்டாம் கருவி சுமக்க நேர்ந்தது.

கடைவழி விற்பனையில் நேர்ந்தது இதற்கு எதிரான பிழை. அதே குடும்பத்துக் கருவிகள் அங்கு ஆகாஷ் என்னும் பெயரில்லாமல் யூபிஸ்லேட் 7, 7+, 7சிஐ, 7சி+ எனப் பெயர் பெற்றன. 7 என்பது திரையின் அங்குல அளவு மட்டுமே. எது முதல் ஆகாஷின் இணை, எது இரண்டாம் ஆகாஷின் இணை என்பதை ஒரு கூட்டல் குறியையும் ஓரிரு எழுத்துகளையும் கொண்டு அறிய வேண்டியிருந்தது. அரசுப் பெயர் வேறுபாட்டை மறைத்தது. கடைப்பெயர் உறவை மறைத்தது. ஆகாஷ் திட்டம் மங்கியதற்குப் பெயர் காரணமன்று. வழங்கலும் தரமும் காரணங்கள். ஆனால் எந்தக் கருவியைப் பற்றிய குறை, எந்தக் கருவியைப் பற்றிய பாராட்டு என்று பொதுமக்கள் பிரித்தறிய முடியாமற் போனதற்குப் பெயரிடலே காரணம்.

விதைப் பெயர்களுடன் ஓர் ஒப்பீடு

தெளிவாகப் பெயரிடுவது இயலாத செயல் அன்று. தருமபுரி உழவர்கள் நன்கறிந்த கேழ்வரகு இரகங்களின் பெயர்களே இதற்குச் சான்று. கோ 14, கோ 15, பையூர் 2 என்னும் பெயர்களில் முன்பகுதி இரகம் உருவான ஆராய்ச்சி நிலையத்தையும், எண் அந்நிலையம் அப்பயிரில் வெளியிட்ட வரிசையையும் குறிக்கும். ‘கோ’ கோயம்புத்தூரைச் சுட்டுகிறது. பையூர் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. 2004 வரை அது தருமபுரி மாவட்டப் பகுதி.

கோ 15, கோ 14க்குப் பின் வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. எண் விளைச்சலையோ வயதையோ சொல்வதில்லை. சொல்வதாகப் பாவனை செய்வதும் இல்லை. அவற்றை இரக விவரம் தனியே தெரிவிக்கிறது. ஓர் எண், ஒரு பொருள் என்னும் இந்த ஒழுங்கே கைக்கணினிப் பெயர்களில் இல்லாதது.

நிறுவனங்களின் தரப்பு

நிறுவனங்களின் முறைக்கும் நியாயங்கள் உண்டு. எண் ஏறிக்கொண்டே போனால் பெயர் ஒருநாள் நகைப்புக்குரியதாகும். கார், தொலைக்காட்சி போன்ற பொருள்களில் பெயர் நிலையாக இருந்து ஆண்டு மட்டும் மாறுவது பழகிய வழக்கம். பல விலைகளில் கருவி விற்கும்போது லைட், பிளஸ், எஃப்இ போன்ற அடைமொழிகள் தேவைப்படுகின்றன.

இந்நியாயங்கள் ஏற்கத்தக்கவையே. ஆனால் காரில் உற்பத்தி ஆண்டு பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. கைக்கணினிக்கு அத்தகைய சான்றிதழ் இல்லை. பெயரை நிலையாக வைத்துக்கொள்பவர்கள் ஆண்டையும் கண்ணில் படும்படி எழுத வேண்டும். ஆண்டை ஒளித்து, பெயரையும் மாற்றாமல் வைப்பது பழைய இருப்பை விற்பவருக்கு மட்டுமே உதவும். எஸ்7க்கு (2020) அடுத்த ஆண்டு வந்த எஸ்7 எஃப்இ, பெரிய திரையும் குறைந்த திறனும் கொண்டது. அடைமொழி இருந்தும், அது உயர்வா தாழ்வா என்பதைப் பெயர் சொல்லவில்லை.

வாங்குபவர் நம்பத்தக்கவை

விளம்பரப் பெயரைவிட நம்பத்தக்கது மாதிரி எண் ஆகும். கருவியின் பின்புறத்திலோ, அமைப்புகள் பகுதியில் கருவியைப் பற்றிய பக்கத்திலோ அது இருக்கும். டேப் ஏ8இன் வைஃபை கருவி எஸ்எம்-எக்ஸ்200. சிம் அட்டை ஏற்கும் கருவி எஸ்எம்-எக்ஸ்205. மூன்று எஸ்6 லைட் கருவிகளும் முறையே பி610, பி613, பி620 என்னும் எண்களால் தெளிவாகப் பிரிகின்றன. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் வீட்டுக்கு வைஃபை இணைப்பு இருக்கும் என எண்ண முடியாது. சிம் ஏற்கும் கருவியா என்பதை அங்கு வாழ்வோர் விலைக்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் அடைத்து விற்கும் பொருள்களில் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிடப்பட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன. ஆயினும் அது அந்தக் கருவி உற்பத்தியான காலத்தைக் காட்டுமேயன்றி, கருவி முதலில் வெளிவந்த காலத்தைக் காட்டாது. புதுப்பிப்புக் காலம் பெரும்பாலும் வெளியீட்டு நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், 2024இல் அடைக்கப்பட்ட பெட்டிக்குள் 2021இன் கருவி இருக்கக்கூடும்.

வெளியீட்டு ஆண்டு, திரையளவு, புதுப்பிப்பு கிடைக்கும் இறுதி ஆண்டு ஆகிய மூன்றையும் பெட்டியின் முகப்பில் அச்சிடச் செய்தால் இக்குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும். மருந்து அட்டையில் காலாவதி மாதம் இருப்பதை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. அதுபோல் காலாவதியாகும் பொருளாகவே கைக்கணினியும் ஆகிவிட்ட நிலையில், அந்த நாளை வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவதற்கு நியாயமில்லை.