யார் பெயர் முதலில்?

போன ஞாயிறு மழை. 1974-ல் வந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வை மறுபடி பார்த்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் 138 மாடிக் கட்டடம். திறப்பு விழா இரவு. 135-வது மாடியில் பார்ட்டி. 81-வது மாடியில் தீ. கட்டட வரைவாளர் பால் நியூமன், தீயணைப்பு அதிகாரி ஸ்டீவ் மெக்வீன்.

மூன்று ஆஸ்கர் வாங்கிய படம். தீ இன்னும் சுடுகிறது, வசனம்தான் ஆறிவிட்டது. காதல் காட்சிகளில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

படம் குற்றவாளியைச் சுலபமாகப் பிடித்துவிடுகிறது. கட்டட அதிபரின் மருமகன், காசு மிச்சம் பிடிக்க மட்டமான ஒயர் போட்டவன். நமக்கும் திருப்தி. ஆனால் கவனியுங்கள். ஆட்களைக் கொல்வது ஒயர் மட்டுமல்ல. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் சிலர் லிஃப்டில் ஏறுகிறார்கள். அது எரிகிற மாடியில் போய்க் கதவைத் திறக்கிறது! லிஃப்ட் தன் வேலையைத்தான் செய்தது. தீப்பிடித்த விஷயத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் படம் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். மருமகனைத் திட்டப் போய்விட்டது.

இன்றைய பெரிய கட்டடங்களில் ஏசி, லிஃப்ட், கதவு, கேமரா எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கோத்துவிடலாம். பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்கு இது. தீ அலாரம் அடித்தால் ஏசி நிற்கணும். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து திறந்தபடி நிற்கணும். கார்டு தேய்த்துத் திறக்கிற கதவுகள் தானாக விட்டுக்கொடுக்கணும். 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ. ஏசி குழாய்கள் வழியாகவும் புகை மாடியேறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி.

கோப்பது சுலபம், சார். யார் சொல்வதை யார் கேட்பது என்பதில்தான் சிக்கல். செக்யூரிட்டிக்குக் கதவு மூடியிருக்கணும். தீயணைப்புக்குத் திறந்திருக்கணும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1911-ல் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் திருட்டுக்குப் பயந்து ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தீயில் 146 பேர் செத்தார்கள்.

படத்தைவிட ரசமான கதை அதன் போஸ்டரில் இருக்கிறது. நியூமனா, மெக்வீனா, யார் பெயர் முதலில் என்று தகராறு. மெக்வீன் பெயரை இடப்பக்கம் கீழேயும், நியூமன் பெயரை வலப்பக்கம் கொஞ்சம் மேலேயும் போட்டுச் சமாளித்தார்கள். போஸ்டரில் இது நடக்கும். கட்டடத்தில் நடக்காது. அங்கே தீ என்று வந்துவிட்டால் தீயணைப்பின் பெயர்தான் முதலில், மற்றதெல்லாம் கீழே.

அடுத்த முறை ஷாப்பிங் மாலுக்குப் போனால் அவசர வழிக் கதவை ஒரு பார்வை பாருங்கள். சங்கிலி தொங்குகிறதா? அப்படியென்றால் அங்கே யார் பெயர் முதலில் என்று தெரிந்துவிடும்.