கண்ணாடிக்குள் கண்ணாடி: மூச்சில் பிறக்கும் அமைதி

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட், ‘ஸ்பீகல் இம் ஸ்பீகல்’ என்ற படைப்பை 1978இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதினார். ஜெர்மன் மொழியில் ‘கண்ணாடிக்குள் கண்ணாடி’ என்று பொருள். இதைக் கிளாரினெட்டிலும் வாசிப்பார்கள்.

முதல் தடவை கேட்டா, ‘இதுல என்ன இருக்கு?’ன்னு தோணும். பியானோ மும்மூன்று சுரங்களாக நிதானமாக நடக்கிறது. மெட்டின் முதல் வரியில் இரண்டே சுரங்கள். ஒரு வரி ஏறினால் அடுத்தது இறங்கும், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல. போகப் போக வரிகள் ஒவ்வொரு சுரமாக நீள்கின்றன. எவ்வளவு தூரம் போனாலும் மெட்டு ‘ஏ’ சுரத்துக்கே திரும்புகிறது.

கருவி மாறும்போது பொருளும் மாறுது. வயலினில் வில்லைத் திருப்பி ஓசையைத் தொடரலாம். கிளாரினெட்டில் மூச்சு தீர்ந்தால் ஓசையும் தீரும். அந்தத் தடையற்ற ஓட்டம் குறைவது இழப்புதான். ஆனால் வரி நீள நீள, ‘மூச்சு தாங்குமா?’ என்ற தவிப்பு நமக்கும் வருகிறது. அதனால் ‘ஏ’ சுரத்துக்குத் திரும்புவது பெரிய ஆறுதலாகிறது. எனக்குக் கிளாரினெட் வடிவமே நெருக்கமானது.

மாணவர்களே, விமர்சனத்தில் ‘அமைதியான இசை’ன்னு மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. அந்த அமைதி எப்படி உருவாகுதுன்னு காட்டுங்க.