பரோல்: யாருடைய பேச்சு?

சசூரை எழுதி எழுதியே, 'பரோல்' என்றால் பேச்சு என்பது நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிவிட்டது. சிறைவாசியின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். 'பரோல்ல வந்திருக்கானாம்' என்றால் தெருவே எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். 'இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று பிடிபட்ட போர்வீரன் வாக்குக் கொடுப்பான். அதை நம்பி அவனை விடுவார்கள். பேச்சை நம்பி உடலை விடுகிற ஏற்பாடு. இன்றைய பரோலில் அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

1991 ஜூனில் கைதான பேரறிவாளனுக்கு முதல் பரோல் கிடைத்தது 2017 ஆகஸ்டில். இருபத்தாறு வருஷம். அதே வாரத்தில்தான் பாலியல் வல்லுறவு வழக்கில் குர்மீத் ராம் ரஹீம் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதன்பிறகு ஹரியானாச் சிறையிலிருந்து பத்து முறைக்கு மேல் அவர் வெளியே வந்து போய்விட்டார். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பார்கள். வேறுதான். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு விதிகளில் அதன் பெயரே 'விடுப்பு'. ஆனால் இந்த இருபத்தாறு வருஷத்தை விதி மட்டும் விளக்கிவிடாது.

நளினி 2019இல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக ஆறு மாதம் கேட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். முப்பது நாள் கிடைத்தது. கூடவே நிபந்தனைகள்: அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது, ஊடகங்களுக்குப் பேட்டி தரக் கூடாது. தன் வாயால் பேசி வாங்கிய பரோலுக்கு விலை, வாயை மூடிக்கொள்வது. இதை முரண் என்று நான் சொல்ல மாட்டேன். பரோலின் இலக்கணமே இன்று இதுதான்: வெளியே நடமாடும் உடல் சட்டத்தின் கணக்கில் உள்ளேயே இருக்கிறது.

இதே இலக்கணத்தைத் தலைகீழாக அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பார்க்கலாம். அங்கே பரோல் பெற்றவர் நாட்டுக்குள் வசிப்பார், வேலைக்குக்கூடப் போவார். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறார். 1958இல் ஒரு சீனப் பெண்ணின் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இந்தப் புனைவை உறுதிசெய்தது. புனைவு என்பதை இலக்கியக்காரர்கள் நம் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்தில் ஓர் ஈழத்தமிழர் பிடிபட்டார். தன்னைக் கடத்தி அடித்தார்கள் என்றார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் அடித்தவர் யார், ஏன் அடித்தார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. தஞ்சம் கோருவதற்கான அச்சம் நிறுவப்படவில்லை என்று மறுத்துவிட்டார்கள். வெள்ளை வேனில் வந்தவன் பெயரும் விலாசமும் சொல்லிவிட்டா அடிக்கிறான்? வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2020 தீர்ப்பு பழைய பரோல் வழக்குகளின் தர்க்கத்தையே எடுத்துக்கொண்டது: பரோலில் பல வருஷம் உள்ளே இருப்பவரே எல்லையில் நிற்பவராகக் கருதப்படும்போது, 25 கஜம் வந்தவருக்கு என்ன தனி உரிமை?

அமெரிக்கச் சட்டம் பரோலுக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று 'அவசர மனிதாபிமானம்'. நம் மனித உரிமை நண்பர்களுக்கும் பிடித்த சொல். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கியூபா, ஹெய்ட்டி, நிகராகுவா, வெனிசுவேலா மக்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மனிதாபிமானத்தில்தான் உள்ளே வந்தார்கள். 2025இல் அரசு ஒரே அறிவிப்பில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மே மாதம் உச்சநீதிமன்றமும் தடுக்கவில்லை. உரிமையாகக் கொடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் பறித்திருக்க முடியாது.

சிறை, எல்லை என்கிற இரண்டு புனைவுகளும் நம் ஊரில் ஒரே மனிதன்மேல் வந்து உட்கார்ந்ததும் உண்டு. 2022 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தவர்களில் நான்கு பேர் இலங்கைக்காரர்கள். வேலூர், புழல் சிறைகளிலிருந்து வெளியே வந்த அவர்கள் நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த முகாம் இருப்பது மத்திய சிறை வளாகத்துக்குள். கைதிக்காவது விதியில் விடுப்பு உண்டு. விடுதலையான அயல்நாட்டவனுக்கு எந்த விடுப்பு? அவர்களில் சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். ஊர் திரும்ப அனுமதி அதற்குச் சில நாள் முன்புதான் வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா காத்திருந்தார், உடலைத்தான் அனுப்பினார்கள்.