பட்டை வைக்கும் கை

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கும், போர்வெல் வண்டியில் திருச்செங்கோட்டுக்கும் உள்ள பெயர் ஊரறிந்தது. அதே வட்டாரத்துப் பட்டை வேலைக்கு, அதாவது லீஃப் ஸ்பிரிங் வேலைக்கு, அப்படியொரு பெயர் கிடைக்கவில்லை. வண்டிக்கு அடியில் கிடக்கிற வேலை. யார் குனிந்து பார்க்கிறார்கள்?

நான் குனிந்து பார்ப்பவன். முட்டை ஏற்றும் பிக்கப் காலியாக நிற்கையில் பின்புறம் லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். பாரம் ஏறியதும் மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டும் சரியாக அமைந்த வண்டியைக் கண்டால், பட்டை வைத்தவர் கைகாரர் என்று சொல்லிவிடலாம்.

வண்டிக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பின்னாடி உக்காந்துருச்சு, ஒரு பட்டை சேத்துப் போட்டு விடுங்க." சேர்த்தால் உயரம் வரும், உண்மை. கூடவே விறைப்பும் வரும். பட்டையின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். பாரத்தோடு போகும்போது இது தெரியாது. காலி ட்ரேயோடு பண்ணைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின் டயர் துள்ளினால் அது விளையாட்டே இல்லை.

தேர்ந்த பட்டறைக்காரர் முதலில் செட்டைக் கழற்றிப் பார்ப்பார். உடைசல் இல்லாமல் வளைவு மட்டும் இறங்கியிருந்தால் புதுப் பட்டை எதற்கு? ஒவ்வொன்றாக அடிகட்டையில் வைத்துச் சம்மட்டியால் தட்டி வளைவை ஏற்றுவார். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அந்த இடத்தில்தான் நாளைக்கு முறியும். அடி நெருக்கமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். பழுக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடுகிறவர்களும் உண்டு. பதம் போய், சீக்கிரமே திரும்பவும் உட்கார்ந்துவிடும்.

மெயின் பட்டையைவிட அடுத்தது சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும், அதைவிட அதற்கடுத்தது. அடுக்கி வைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். சென்டர் போல்ட்டை முறுக்க முறுக்க அந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடி, முனைகள் ஒன்றையொன்று கவ்வும். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். விறைப்பு அப்படியே இருக்க, உயரம் மட்டும் கூடியிருக்கும்.

நிஜமாகவே பாரம் கூடுதல் என்றால், அடியில் தட்டையாக ஒரு கனத்த பட்டை வைப்பார்கள். காலியில் அது சும்மா கிடக்கும். செட் அமுங்கிய பிறகுதான் தாங்க வரும். அழகான ஏற்பாடு. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டி உயரம் காட்டுவதில் எனக்கு மதிப்பில்லை. 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் கிடைக்கும்.

அளவுக்கு மீறித் தூக்கினால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும். பின்புற உயரத்தை வைத்து பிரேக்கைப் பங்கிடும் வால்வு உள்ள வண்டியென்றால், பாரம் இருந்தும் காலி என்றே கணக்கிட்டுப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும்.

அதனால் பட்டறைக்குப் போனால் எத்தனை அங்குலம் வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன பாரம், எவ்வளவு எடை, காலியாக எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று சொல்லுங்கள். வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டை மறுபடி ஒருமுறை முறுக்கிக்கொள்ளுங்கள்.