கனவுக்குள் விழிப்பு: வரவும் செலவும்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் வண்டிகளில் அருவி பார்க்கப் போகிறவர்களோடு சித்தர்களைத் தேடிப் போகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, படிக்கட்டு வழியே இறங்கி ஆகாய கங்கையில் நனைந்து, கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று காட்டப்படும் இடங்களில் கண்மூடி இருந்துவிட்டு வருவார்கள். வந்தபின் அவர்கள் சொல்லும் கதைகளில் சித்தரை நேரில் கண்டவர் அபூர்வம். கனவில் கண்டவர்தான் அதிகம்.

அந்தக் கதைகளோடு இப்போது புதிதாக ஒரு பயிற்சியும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று அறிவதும், அறிந்தபின் அந்தக் கனவை வேண்டியபடி நடத்துவதும் அதன் நோக்கம். ஆங்கிலம் வழியாக வந்த ‘லூசிட் ட்ரீமிங்’ இதுதான். தெளிகனவு என்று சொல்லலாம். சித்தர்கள் அன்றே கண்டது, இன்று அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒத்துக்கொண்டது என்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கனவு என்று அறிவது வரவு. கனவை ஆளத் துடிப்பதில்தான் செலவு தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நடப்பது உண்மைதானா?

உண்மைதான். உறங்கும்போது சில சமயம் இது கனவு என்று உள்ளே ஒன்று சொல்வதை அரிஸ்டாட்டிலே குறித்திருக்கிறார். நெதர்லாந்து மருத்துவர் பிரெடரிக் வான் ஈடன் 1913இல் தம் கனவுக் குறிப்புகளை வைத்து எழுதிய கட்டுரையால் ‘லூசிட்’ என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும் உறக்க ஆய்வாளர்கள் நீண்ட காலம் இதை நம்பவில்லை. நடுவில் ஒரு கணம் விழித்தவர் அதைக் கனவில் விழித்ததாக நினைத்துக்கொள்கிறார் என்று ஒதுக்கினார்கள்.

அந்த ஐயத்தைத் தீர்த்தது கண். கனவு மிகுதியாக வரும் உறக்கக் கட்டத்தில் உடலின் தசைகள் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்து கிடக்கும். கண்விழிகள் மட்டும் அசையும். இதை ஆர்.இ.எம். உறக்கம் என்பார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் ஆலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கவைத்தார். கனவு என்று தெரிந்ததும் விழிகளை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்பது உறங்கும் முன் செய்துகொண்ட ஏற்பாடு. மூளை அலைப் பதிவு அவர் உறங்குவதாகக் காட்டிய நேரத்திலேயே அந்தச் சைகை வந்தது. சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதையே நிறுவினார்.

2021இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் 36 பேரிடம், அவர்கள் கனவில் இருக்கும்போதே கேள்வி கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்க, உறங்கிக்கொண்டிருந்தவர் விழியசைவால் இரண்டு என்றார். ஆய்வின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரியான விடை கிடைத்தது சுமார் 18 சதவீத முயற்சிகளில். ஏறத்தாழ 60 சதவீதத்தில் பதிலே இல்லை. கதவு இருப்பது உறுதி. தட்டும்போதெல்லாம் அது திறப்பதில்லை.

சித்தாந்தம் போடும் கணக்கு

தமிழில் இதற்கு முன்னோடி உண்டா? உண்டு, ஆனால் பொட்டலம் கட்டுகிறவர்கள் சொல்லும் வகையில் இல்லை. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை ஐந்தாகப் பிரிக்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். திருமந்திரத்தின் எட்டாம் தந்திரம் இந்த அவத்தைகளை விரித்துப் பேசுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் இவற்றை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை கருவிகள் இயங்குகின்றன என்று கணக்கே உண்டு. நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3. நனவிலிருந்து கனவுக்குப் போகும்போது கழிபவை பத்து: கண், காது முதலான அறிவுப்பொறிகள் ஐந்தும் கை, கால் முதலான தொழிற்பொறிகள் ஐந்தும்.

ஆய்வுக்கூடம் சொல்வதோடு இது ஓரிடத்தில் பொருந்துகிறது: வெளியுலகின் வாசல்கள் அடைபடுகின்றன, கைகால் ஓய்கின்றன. அடுத்த இடத்தில் பொருந்தவில்லை. சித்தாந்தக் கணக்கில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கு அகக்கருவிகளும் கனவிலும் இயங்குகின்றன. நரம்பியலோ, ஆர்.இ.எம். உறக்கத்தில் முன்மூளையின் ஆராய்ந்து தெளியும் பகுதி மங்கிக் கிடக்கிறது என்கிறது. இறந்துபோன பாட்டி வந்து காபி கேட்டால் கனவில் நாம் அதிராமல் இருப்பது அதனால்தான். அந்தப் பகுதி ஓரளவு மீண்டும் ஒளிரும்போது தெளிகனவு பிறக்கிறது என்பது இப்போதைய கருத்து. அதற்கும் சான்று மெலிதுதான்: பெரிதும் மேற்கோள் காட்டப்படும் 2012ஆம் ஆண்டின் மூளை ஸ்கேன் ஆய்வு ஒரே ஒருவரின் பதிவை வைத்து எழுதப்பட்டது.

நோக்கமும் வேறு. சித்தாந்தி நிலைகளை எண்ணுவது, அவை மாறும்போதும் மாறாமல் நின்று அறியும் உயிரையும் அதற்கு அறிவிக்கும் இறையையும் காட்டுவதற்கு. கனவில் பறக்கவோ, விரும்பியவரைச் சந்திக்கவோ அங்கே பாடம் இல்லை. திருவண்ணாமலையில் இரமணரிடம் கனவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் கிடைத்தது கனவை மேம்படுத்தும் வழி அன்று. விழிப்பும் ஒரு நீண்ட கனவுதானே, இரண்டையும் காண்பவன் யார் என்ற எதிர்க்கேள்விதான். திபெத்திய பௌத்தத்தின் கனவு யோகமும் கனவை ஒரு பயிற்சிக் களமாக மட்டுமே கொள்கிறது. இவற்றையெல்லாம் தெளிகனவுக்குப் பழைய பெயர்கள் என்று சொல்வது அந்த மரபுகளுக்கும் நியாயம் செய்யாது, ஆய்வுக்கும் செய்யாது.

வரவு

இப்பயிற்சியால் கைமேல் கிடைக்கும் பயன் தீக்கனவுக்கானது. துரத்தும் உருவம், விழும் கிணறு, விபத்தின் அதே காட்சி என்று வாரம் தவறாமல் ஒன்றையே காண்பவருக்கு, இது கனவு என்ற ஓர் அறிவு பெரிய ஆறுதல். ஓடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் துணிவை அது தருகிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், தீக்கனவு நோய்க்குப் பயன்படுத்தக்கூடிய முறைகளில் ஒன்றாகத் தெளிகனவுச் சிகிச்சையும் இடம்பெற்றது.

ஆனால் அதே ஆவணம் அழுத்தமாகப் பரிந்துரைப்பது வேறொன்றை: பகலில் விழிப்போடு உட்கார்ந்து, தீக்கனவின் முடிவை மாற்றி எழுதி, மாற்றிய கதையை மனத்தில் ஓட்டிப் பார்க்கும் முறை. 2006இல் நெதர்லாந்தில் 23 பேரிடம் செய்த சிறு ஆய்வும் கவனிக்க வேண்டியது. தெளிகனவுப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தீக்கனவு குறைந்தது. ஆனால் அப்படிக் குறைவதற்குத் தெளிகனவு வரத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. அப்படியானால் குணமாக்கியது கனவில் கிடைத்த ஆட்சியா, பகலில் பயத்தை எதிர்கொண்ட பழக்கமா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது வரவு, தன் மனத்தைக் கவனிக்கும் பழக்கம். காலையில் எழுந்ததும் கனவைக் குறித்துவைப்பது, பகலில் அவ்வப்போது நின்று ‘இப்போது விழித்துத்தான் இருக்கிறேனா’ என்று கேட்டுக்கொள்வது ஆகியவை இப்பயிற்சியின் முதற்படிகள். ஒரே வரியை இரு முறை படித்துப் பார்க்கச் சொல்வார்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். இதில் காசும் இல்லை, கேடும் இல்லை. தெளிகனவு வராவிட்டாலும் கனவு நினைவில் நிற்கத் தொடங்கும்.

கவிதை எழுதலாம், விளையாட்டுத் திறன் கூட்டலாம் என்ற வாக்குறுதிகளைப் பாதி நம்பலாம். கனவில் நாணயம் சுண்டிப் பழகியவர்கள் காலையில் சற்று நன்றாகச் சுண்டினார்கள் என்று ஓர் ஆய்வு உண்டு. மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகுவதற்கு அது ஈடாகாது.

செலவு

முதற்செலவு உறக்கம். ஆர்.இ.எம். கட்டம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளும். ஆகவே பெரும்பாலான முறைகள் படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழச் சொல்கின்றன. சிறிது நேரம் விழித்திருந்து, ‘அடுத்த கனவில் அது கனவென்று அறிவேன்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டு மறுபடி படுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2017இல் வெளியான ஆய்வில், இப்படி இடையில் எழுவது, மனத்தில் பதிப்பது, பகலில் விழிப்பைச் சோதிப்பது என்ற மூன்று உத்திகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்தது 17 சதவீத முயற்சிகளில். மறுபடி படுத்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிடக் கூடியவர்களுக்கு அது 46 சதவீதம் வரை போனது. நல்ல உறக்கம் உள்ளவருக்கே இந்தப் பயிற்சி கைகூடுகிறது என்று பொருள். ஷிஃப்ட் வேலைக்காரர், கைக்குழந்தையின் தாய், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஆகியோர் இருக்கிற ஐந்து மணி நேரத்தையும் உடைத்துக்கொண்டால் மிஞ்சுவது பகல் மயக்கம்தான்.

இரண்டாவது, அமுக்குவான் பேய். மனம் விழித்து உடல் மட்டும் இன்னும் செயலற்றுக் கிடக்கும் அந்தச் சில நொடிகளில் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல மூச்சு முட்டும், நிழலுருவம் தெரியும். உறக்கத்தை இடையில் உடைத்து விழிப்பையும் கனவையும் நெருக்கி வைக்கும் முறைகளில் இதற்கு இடம் அதிகம். உடலுக்கு ஆபத்தில்லை, ஆனால் காரணம் தெரியாதவர் குகை வாசலில் இதை அனுபவித்தால் அவருக்கு அது சித்தர் தரிசனம், இல்லாவிட்டால் காத்து கருப்பு.

மூன்றாவது, நனவு கனவு எல்லை மங்குவது. 2018இல் இஸ்ரேலில் மாணவர்களிடம் செய்த ஆய்வு நுட்பமான வேறுபாட்டைக் காட்டியது. தானாகத் தெளிகனவு வருவதற்கும் மனநலக் கேட்டுக்கும் பொதுவில் தொடர்பு தெரியவில்லை. ஆனால் வலிந்து வரவழைக்க முயன்றவர்களிடம் இரண்டு மாதத்தில், தன்னிலிருந்து தான் விலகி நிற்பதுபோன்ற உணர்வும் அதைச் சார்ந்த அறிகுறிகளும் கூடியிருந்தன. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. எனினும் மனச்சிதைவு நோய் உள்ளவரும், குடும்பத்தில் அந்நோய் கண்டவரும் இப்பக்கம் போகாமலிருப்பதே அறிவுடைமை.

நான்காவது, மாத்திரை. மறதிநோய்க்குத் தரப்படும் கேலன்டமைன் தெளிகனவைக் கூட்டுகிறது என்று 2018இல் 121 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது: 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 சதவீதத்தினருக்குத் தெளிகனவு, வெற்று மாத்திரையில் 14 சதவீதத்தினருக்கு. இதைப் படித்துவிட்டு இணையத்தில் வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்தைக் கனவில் பறப்பதற்காக மருத்துவரைக் கேளாமல் எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஐந்தாவது, தப்பித்தல். திருக்குறளின் 122ஆம் அதிகாரமான கனவுநிலையுரைத்தலில் வரும் தலைவிக்குத் தான் காண்பது கனவென்று நன்றாகத் தெரியும். தெரிந்தும், நனவு என்று ஒன்று இல்லாதிருந்தால் அவர் என்னைப் பிரிய மாட்டாரே என்கிறாள். பிரிவில் தவிக்கும் ஒருத்தி அப்படிச் சொல்வது கவிதை. அதையே ஒருவர் அன்றாட ஒழுங்காக்கி, கசக்கும் நாளைக் கழித்து இரவை எதிர்பார்த்து வாழத் தொடங்கினால் அது நோயின் வாசல்.

கனவின் சாட்சியம் செல்லுமா?

கொல்லிமலையில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். இரவில் ஒளிரும் சோதிப்புல், கருநொச்சி என்று மூலிகைக் கதைகள் மலிந்த மலை இது. கனவில் சித்தர் காட்டிய வேர் என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. தெளிகனவுக்காரர் ஒரு படி மேலே போவார்: ‘நான் தெளிவோடு கண்டேன், அதனால் உண்மை.’ இது தவறான வாதம். கனவு என்று அறிந்ததால் கனவில் வந்த செய்தி மெய்யாகிவிடாது. கேட்டவரும் சொன்ன சித்தரும் ஒரே மூளையின் ஆட்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது.

கனவுக்கு மதிப்புத் தரும் நம் கோயில் மரபே இங்கு எச்சரிக்கையாக இருக்கிறது. காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். ஆனால் கனவு கண்டேன் என்று சொன்னவுடன் வைத்துவிட மாட்டார்கள். சந்நிதியில் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்த பிறகே பழைய பொருளை எடுத்துப் புதியதை வைப்பார்கள். அந்தச் சோதனையின் தன்மையைப் பற்றி ஒருவர் என்ன கருதினாலும், கனவு தன்னந்தனியாகச் சாட்சியாகாது என்ற விதி அங்கே வேலை செய்கிறது. சங்கப் பாட்டுகள் கண்டாரை ஈர்க்கும் வடிவமாகச் சொன்ன கொல்லிப்பாவையும் பிற்காலக் கதையில் சிரித்து மயக்கி உயிர் கொள்ளும் உருவமாகிறாள். கண்ணுக்கு உயிரோடு தெரிவதையெல்லாம் நம்பிப் பின்னால் போகாதே என்பதற்கு அந்த மலையிலேயே கதை இருக்கிறது.

தீர்ப்பு

34 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்குப்படி, மனிதர்களில் சுமார் 55 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையாவது தெளிகனவு கண்டிருக்கிறார்கள். 23 சதவீதத்தினர் மாதம் ஒரு முறையாவது காண்கிறார்கள். ஆக இது சித்தி அன்று. பாதிப் பேருக்குத் தானாக வாய்க்கும் இயல்பு. அதற்குக் கட்டணம் கட்டி முகாமுக்குப் போக வேண்டியதில்லை, மலையேற வேண்டியதும் இல்லை.

வந்தால் மகிழ்ந்து காணுங்கள். தீக்கனவு வாட்டினால் முதலில் மனநல மருத்துவரிடம் சென்று, பகலில் கதையை மாற்றி எழுதும் முறையைக் கேளுங்கள். தெளிகனவை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஆர்வம் விடவில்லை என்றால், மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில் முயன்று பாருங்கள், மாத்திரை வேண்டாம். கனவில் யார் வந்து என்ன மருந்து சொன்னாலும், விழித்தபின் தக்கவரிடம் கேட்காமல் அதை வாயில் போடாதீர்கள். கொல்லிமலைக்குப் போனால் ஆகாய கங்கையில் குளித்துவிட்டு வந்து, இரவில் நன்றாகத் தூங்குங்கள்.