ஒரே உலையும் நாரணாபுரமும்: பங்கேற்பு வழிபாடு பற்றிய ஒரு திறனாய்வு

‘மக்கள் பங்கேற்பு’ என்னும் சொல் இன்று நம் திருச்சபைகளின் திட்ட அறிக்கைகளில் தவறாது இடம்பெறுகிறது. ஆயினும் மக்கள் எதில் பங்கேற்கிறார்கள், முடிவெடுப்பதிலா, பிறர் எடுத்த முடிவை நிறைவேற்றுவதிலா என்று நாம் கேட்பது அரிது. இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு, தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்களின் கிராமிய இசை வழிபாட்டை மதிப்பிட விழைகிறோம். மதிப்பிடும் களமாகச் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் கண்ட உண்மை

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அப்பாவு அவர்களைப் ‘பரட்டை அண்ணன்’ என்றே பலர் அறிவர். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலமுதல் கீர்த்தனைகள் நம் வழிபாட்டை வளப்படுத்தியுள்ளன. இதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பயின்றோர் பாட, பயிலாதோர் கேட்டிருக்கும் நிலையையும் அவ்விசைமரபு கிராமச் சபைகளில் உண்டாக்கிற்று. கிராமிய இசைக்கு அச்சிட்ட ஏடும் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற குரலும் வேண்டியதில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லாரும் ஏற்றுப் பாடுவர். பாடுவோர் தம் வாழ்வுக்கேற்பச் சொற்களை மாற்றியும் கொள்வர். இம்மாற்றத்தைப் பிழையென்று தள்ளாமல், அதுவே பாடலின் உயிர் என அப்பாவு ஏற்றார். இதனை ஜோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாகக் காட்டுகிறது.

அவருடைய இறையியலின் மையம் ‘ஒரே உலை’. உலை வேறானால் உறவு வேறு என்பது கிராமம் அறிந்த நியதி. சாதி பிரித்த உலைகளை ஒன்றாக்குவதே நற்கருணையின் பொருள் என்னும்போது, ஏட்டு இறையியல் அடுப்படிக்கு வந்துவிடுகிறது. தமிழ் இறையியலுக்கு இது பெருங்கொடை.

நாம் காணும் குறைகள்

எனினும் மூன்று குறைகளைச் சுட்டுவது நம் கடமை. முதலாவது, உலை என்னும் உருவகம் வேளாண் கிராமத்தில் பிறந்தது. நாரணாபுரம் வானம் பார்த்த கரிசல் பூமியைச் சார்ந்தது. இவ்வட்டாரத்தில் பலருடைய நாளை இன்று நடத்துவது ஏரும் மழையும் அல்ல, பட்டாசு ஆலையே. குழாய் உருட்டுவோரும், திரி வெட்டுவோரும், மருந்து செலுத்துவோரும் காலையில் தனித்தனித் தூக்குச்சட்டியுடன் புறப்படுகிறார்கள். ஒரே ஆலையில் உழைத்தவர்கள் மாலையில் வெவ்வேறு சாதித் தெருக்களுக்குத் திரும்புகிறார்கள். இவர்களுக்கு ஒரே உலை எது? இதற்கு விடையை அவர்களிடமே கேட்டுப் பெறாமல் பழைய உருவகத்தைப் பாடிக்கொண்டிருந்தால், அது ஏக்கமாக நிற்குமேயன்றி அழைப்பாகாது.

இரண்டாவது, மாறுவதற்கென்று பிறந்த பாடல் ஒலிநாடாவிலும் பாட்டுப் புத்தகத்திலும் புகுந்தபின் மாறாததாகி விடுகிறது. பறையும் கிராமிய மெட்டும் ஆண்டுக்கொருமுறை நிகழ்ச்சியாக மேடையேறுமானால், சபையார் மீண்டும் கேட்போரே. இது அப்பாவு செய்த தவறன்று. அவரைப் போற்றுகிற நாம் செய்யும் தவறு.

மூன்றாவது குறையே பெரிது. ஆலயத்தில் குரல் பெற்றவர் வெளியிலும் குரல் பெற்றாரா? தில்லியின் மாசுபட்ட காற்றினின்று காப்புக் கோரி மூன்று குழந்தைகளின் பெயரால் 2015இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்த நீதிமன்றம், பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. குழந்தைகளின் மூச்சும் நியாயமானது, சரம் பின்னிப் பிழைத்தவரின் கூலியும் நியாயமானது. இவ்விரண்டையும் ஒன்றாக நிறுத்திச் சிந்திக்கும் அவையாக நம் சபை இருந்ததா?

திருமறை தரும் அளவுகோல்

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்கமொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுகிறது. அதுவும் உலையைப் பற்றிய முறையீடுதான். அப்போஸ்தலர் தாமே ஒரு திட்டம் வகுத்து அறிவிக்கவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடம் ஒப்புவித்தனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவருக்கும் கிரேக்கப் பெயர்களே உள்ளன. முறையிட்டவர்களின் கையிலேயே பந்தி விசாரணை சென்றது என்று இதனால் அறிகிறோம். பங்கேற்பு என்பது குரல் கொடுக்க இடம் தருவது மட்டுமன்று, அதிகாரத்தைக் கைமாற்றுவதுமாகும்.

ஆகவே போதகரும் இறையியல் மாணவரும் எளிய ஒன்றைச் செய்து பார்க்கலாம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துக்குப்பின் நாம் ஏறெடுக்கும் பரிந்துரை மன்றாட்டு, எந்த ஊருக்கும் பொருந்தும் பொதுச்சொற்களால் ஆனது. அதனை இயற்றும் பணியை ஆலையில் உழைக்கும் பெண்களிடம் ஒப்புவிப்போம். ஓர் அறையில் விதிக்கு மேல் ஆள் அமர்ந்திருப்பதையும், எண்ணிக்கைக் கூலி கையை விரைவுபடுத்துவதையும், வாங்கிய முன்பணம் வாயை அடைப்பதையும் அதிகாரி அறியுமுன் அறிந்தவர்கள் அவர்களே. அம்மன்றாட்டில் இவை இடம்பெறும். அப்போது சிலர் மனம் நோகலாம், நன்கொடை குறையலாம். மன்றாட்டை இயற்றியவளுக்கு வேலை போகும் அபாயமும் உண்டு. ஆதலால் அவளைத் தனியே நிற்கவிடாத சபையே இதைக் கேட்கத் தகுதியுடையது.

அப்பாவு அவர்கள் மெட்டை மக்களிடம் திருப்பிக் கொடுத்தார். முடிவெடுக்கும் உரிமையையும் திருப்பிக் கொடுப்பது நம்மிடம் விடப்பட்ட பணி. அதைச் செய்யாத சபை அவருடைய பாடல்களை எவ்வளவு உரக்கப் பாடினாலும், அதன் உலை இன்னும் ஒன்றாகவில்லை.