காட்டு லெட்டூஸின் மூக்கு

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் சாலையோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் ஆளுயரம் தாண்டி வளரும் காட்டு லெட்டூஸ்களை இலையை வைத்து அடையாளம் காணப் போனால் குழம்பித்தான் போவோம். லாக்டுகா கனடென்சிஸ் வகையில் ஒரு செடியின் இலை வெட்டே இல்லாமல் நீண்டிருக்கும். பக்கத்துச் செடியில் நடுநரம்பு வரை கிழிந்திருக்கும். இரண்டும் ஒரே வகைதான். கிள்ளினால் பால் வடிவதோ எல்லாவற்றுக்கும் பொது.

பூ கொஞ்சம் உதவும். கனடென்சிஸ் மஞ்சள். ஃபுளோரிடானா என்ற இன்னொரு வகை நீலம். பயென்னிஸ் என்ற வகையும் நீலம்தான், ஆனால் பல இடங்களில் வெளுத்துப் பாலேட்டு நிறத்துக்கு வந்துவிடும். நாம் இதழ் என்று நினைக்கும் ஒன்றை உருவி நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நுனியில் ஐந்து பொடிப் பற்கள் தெரியும். ஐந்து இதழ்கள் ஒட்டி ஒன்றானதற்கு அதுவே சாட்சி. அந்த ஒற்றை 'இதழ்' ஒரு முழுப் பூ!

உண்மையான அழகு விதையில் இருக்கிறது. நீலப் பூக்காரர் இருவரையும் பிரிப்பது விதையின் தலையிலுள்ள பஞ்சு: ஃபுளோரிடானாவுக்குச் சுத்த வெள்ளை, பயென்னிஸுக்கு மங்கிய பழுப்பு. கனடென்சிஸின் விதை கறுத்துத் தட்டையானது. முகத்தின் நடுவே பெரும்பாலும் ஒரே ஒரு கோடு, மேல்முனையில் இழையாக இழுத்த மூக்கு, அதன் நுனியில் வெள்ளைப் பஞ்சு. மொத்தமே சில மில்லிமீட்டர்தான். பயென்னிஸுக்கு மூக்கு இல்லை என்றே சொல்லலாம்.

ஐரோப்பாவிலிருந்து வந்தேறிய செரியோலா என்ற வகையும் இதே சாலையோரங்களில் நிற்கிறது. நம் சாலட் லெட்டூஸின் மூதாதை அது. இலையடியில் நடுநரம்பு நெடுக முள் வரிசை. விதையின் ஒரு முகத்திலேயே பல கோடுகள். முள் இருந்தாலே வந்தேறி என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. புல்வெளி மாநிலங்களின் லுடோவிசியானா சுதேசிதான். அதற்கும் முள் உண்டு. அங்கேயும் விதையின் கோடுகளை எண்ணினால்தான் தீர்வு. வித்தியாசம் செல்லுக்குள்ளும் போகிறது: செரியோலாவுக்குக் குரோமோசோம்கள் 18, இங்கே சொன்ன அமெரிக்கச் சுதேசிகளுக்கு 34.

செடியைப் படமெடுத்து 'இது என்ன வகை?' என்று கேட்பவர்கள் பூவோடு நிறுத்திவிடாதீர்கள். விதை முற்றும்வரை பொறுத்து, பஞ்சோடு ஒன்றை உள்ளங்கையில் வைத்து எடுத்து அனுப்புங்கள்.